பாட்ஷா, பாகல் பந்தல், அப்பா

இந்த வருஷம் காலேஜில் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். வந்த சார் எடுத்ததுமே, "உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்லுங்க" என்றார். ஒருத்தி எட்டு பரோட்டா சாப்பிடுவேன் என்றாள். ஒருத்தன் இதுவரை கண்ணாடி போடாமல் நடித்துக்கொண்டிருந்தேன், போர்டே தெரியாது என்றான் (மூணு வருஷமா!). என் முறை வந்தது. யோசிக்காமல் "எனக்குக் குதிரை ஓட்டத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மெரினாவுல காசு குடுத்து ஒரு ரவுண்டு போவாங்களே, அதுவா?" வகுப்பே சிரித்தது. சார்கூட சிரித்தார். "பொன்னேரியில குதிரையாம்மா?" என்றார். அன்றைக்கு விளக்கம் சொல்ல நேரம் இல்லை. அதனால்தான் இங்கே கொசுவத்தி சுற்றுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் எண்ணூர், மீஞ்சூர் எல்லாம் தாண்டி வருவது எங்கள் ஊர். நாங்கள் தாண்டினால் கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி. காலையில் ரயிலில் இரண்டு கூட்டம் இருக்கும். ஒன்று சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் கூட்டம். இன்னொன்று எதிர்ப்பக்கம் சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகும் கூட்டம். நான் முதல் கூட்டம். அப்பா ரொம்ப வருஷம் இரண்டாவது கூட்டம். ஒரே பிளாட்பாரம் வரை சேர்ந்து நடப்போம், அப்புறம் படி ஏறி ஆளுக்கொரு பக்கம்.

வசந்த காலம் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்வார்கள் இல்லையா, தென்றல், குயில் என்று அளந்துவிடுவோமே. பாடப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். எங்கள் ஊரில் சித்திரை வந்தால் மின்விசிறியே அனல் காற்று அடிக்கும். உண்மையான வசந்தம் என்றால் மாசிக் கடைசியும் பங்குனியும்தான். வேப்பமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டு செம்புநிறத்தில் துளிர்க்கும். புங்கமரத்தடியில் பொரி கொட்டினமாதிரி பூ கிடக்கும். முருங்கை பூத்துக் குலுங்கும். ஆந்திர எல்லை பக்கம் என்பதால் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடுகள் நிறைய. யுகாதிக்கு அவர்கள் வீட்டுப் பச்சடியில் போட வேப்பம்பூ எங்கள் மரத்திலிருந்துதான் போகும். அப்புறம் நம் வருஷப் பிறப்புக்கு நாமும் அதே பூவைப் போடுவோம். அந்த மூன்று நாலு வாரம்தான் ஊரில் மனுஷன் வெளியே நிற்க முடிகிற காலம்.

சரி, குதிரைக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தா ஜட்கா ஓட்டினவர். ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஊருக்குள் கொண்டுபோய் விடுவதுதான் தொழில். ஆட்டோ வந்ததும் அது படுத்துவிட்டது. குதிரையும் போனது, தாத்தாவும் போனார். நான் பார்த்ததில்லை. தாத்தாவின் மூத்த பிள்ளை, எங்கள் பெரியப்பா, அந்தத் தொழிலை விட மனசில்லாமல் கல்யாண சாரட்டு வண்டி ஒன்று வாங்கினார். சிவப்பு வெல்வெட், பித்தளைக் கைப்பிடி, பேட்டரியில் எரியும் சீரியல் பல்பு. அதை இழுக்க ஒரு வெள்ளைக் குதிரை. பெரியப்பா தீவிர ரஜினி ரசிகர் என்பதால் பெயர் வேறு என்னவாக இருக்க முடியும்? பாட்ஷா. மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவென்றாலும் பாட்ஷா தலையில் இறகு வைத்துக்கொண்டு போவான். நாதஸ்வரம், பேண்டு வாத்தியம், சரவெடி, எதற்கும் அசையமாட்டான். ஆனால் காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் கவர் ஒன்றைப் பார்த்தால் உயிர் போய்விட்டதுபோல் துள்ளுவான். (என் தம்பியும் பரீட்சைக்கு அஞ்சமாட்டான், கரப்பான் பூச்சிக்கு அலறுவான். உலகம் அப்படித்தான்.)

பாட்ஷா கட்டியிருந்த கொட்டகை எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில். நடுவில் சுவர் கிடையாது. வாசனையோடு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான பகுதி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2022 ஆடி மாசம், அப்பா வேலை பார்த்த இடத்தில் பிரஸ் மெஷினில் கை மாட்டிக்கொண்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அப்பா காண்ட்ராக்ட் ஆள். யார் முதலாளி, யார் பொறுப்பு என்று பேசிப் பேசியே பல மாசம் போயிற்று. ஏதோ ஒரு தொகை வந்தது. அது கடனுக்குச் சரியாகிவிட்டது. பணம்கூடப் பெரிதில்லை. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். சாப்பிடும்போது கையை மறைத்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். ஸ்டேஷன் பக்கமே போகமாட்டார், ஷிப்டு ஆட்கள் கண்ணில் படுவார்கள் என்று. அம்மா தையல் மெஷினை இரவு பதினொரு மணி வரை ஓட்டினாள். வீட்டில் அந்தச் சத்தம் மட்டும்தான்.

தோட்டம் ஆரம்பித்தது அம்மாவின் தந்திரம் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. "ஏங்க, கொல்லையில சும்மாதானே கிடக்கு, ரெண்டு கத்திரிச் செடியாவது வையுங்களேன்" என்று பத்து நாள் விடாமல் நச்சரித்தாள். அந்த நச்சரிப்பைத் தாங்க முடியாமல்தான் அவர் மண்வெட்டியை எடுத்திருக்க வேண்டும். எடுத்தார், பிடி நழுவியது. கீழே போட்டார். அடுத்த நாள் காலையில் பார்த்தேன், மண்வெட்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி வைத்திருந்தார். மூன்று விரலில் பிடித்தாலும் வழுக்காது.

எங்கள் பக்கத்தில் தோட்டம் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரைப் பல வருஷம் உறிஞ்சியதில் அடியில் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது. இது பல பத்தாண்டுக் கதை. எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். முதலில் வைத்த பீன்ஸ் இலையெல்லாம் ஓரம் கருகிச் செத்தது. உப்புக்குப் பயப்படுகிற ஜாதி அது. உப்பு மண்ணைத் திருத்த மக்கு உரம் வேண்டும், நிறைய வேண்டும். கடையில் வாங்கக் காசு இல்லை.

ஆனால் பாட்ஷா இருந்தானே! ஒரு குதிரை ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் சாணி போடும். (குதிரைக்கு 'லத்தி' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பெரியப்பா திருத்துவார். மரியாதை முக்கியம்.) பெரியப்பா அதை அள்ளி எங்காவது கொட்டிக்கொண்டிருந்தார். அப்பா நேராக அள்ளிக் கத்தரிக்குப் போட்டார். நாலே நாளில் செடி வெந்தமாதிரி வாடிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, பச்சை லத்தி சூடு. குவித்து, வைக்கோலும் சருகும் கலந்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டி மூன்று மாசம் போட வேண்டும். மார்கழிக் காலையில் அந்தக் குவியலைக் கிளறினால் ஆவி பறக்கும். உள்ளே கையை வைத்தால் சுடும். தம்பி அதில் முட்டை வேக வைக்கலாமா என்று கேட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தக் குவியலுக்கு எலி வந்தது. எலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி விரியனும் வந்தது. குவியலையே எடுத்துவிடச் சொல்லி அம்மா சண்டை போட்டாள். அப்பா அசையவில்லை. கொட்டகையைப் பார்த்துக்கொண்டே, "கடிச்சாலும் மருந்து குதிரையிலதான் வருது" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக். ஜோக் என்று நினைத்தேன், தேடிப் பார்த்தால் நிஜம்! பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரிய பங்கு மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. 1978இல் தொடங்கியது. பாம்பு, இருளர், குதிரை, நம் உயிர் என்று ஒரு சங்கிலி. பாட்ஷாவை அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எல்லாம் போச்சு. ஆரணி ஆறு ஆந்திராவில் உற்பத்தியாகி எங்கள் ஊர் வழியாகப் பழவேற்காடு ஏரிப் பக்கம் போகிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது ஆறு என்றே சொல்ல முடியாது, மணல்தான். பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் மட்டும் ஊரே கரைக்கு ஓடும். அந்த முறை தெருவிலேயே முழங்கால் தண்ணீர். கொட்டகை பள்ளம். பாட்ஷாவை எங்கே கட்டுவது? எங்கள் வீட்டு வராண்டா கொஞ்சம் மேடு. இரண்டு இரவு பாட்ஷா எங்கள் வராண்டாவில் இருந்தான். கரண்டும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜன்னல் வழியாக ஒரு பெரிய வெள்ளைத் தலை உள்ளே எட்டிப் பார்க்கும். குதிரை பெரும்பாலும் நின்றுகொண்டேதான் தூங்கும் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அப்பாவும் தூங்கவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். வலது கையால். யாராவது பார்க்கிறார்களா என்று கவலைப்படாமல்.

தண்ணீர் வடிந்தபோது தோட்டம் என்று ஒன்று இல்லை, சேறுதான். அம்மா அழுதேவிட்டாள். அப்பா அழவில்லை. "வண்டல் வந்திருக்கு, நல்லதுதான்" என்றார். தை பிறந்ததும் மறுபடி ஆரம்பம். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொல்லை நீளத்துக்கு ஒரு பாகல் பந்தல். மல்லிச் செடிக்கு மாசியில் இலையை உருவிக் கிளையை வெட்டிவிட்டார், பங்குனியில் பூ பூவாகக் கொட்டியது. மழை நீர் மண்ணின் உப்பைக் கொஞ்சம் அலசிவிட்டிருக்க வேண்டும். எருவும் சேர்ந்துகொண்டது. அந்த வருஷம் வந்த காய் அதற்கு முன்பும் பின்பும் வந்ததில்லை.

அந்தப் பங்குனியில்தான் நான் குதிரை ஏறினேன்.

காரணம் வீரம் எல்லாம் இல்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் பாட்ஷாவை நடக்க விடாவிட்டால் கால் வீங்கும், வயிறு கட்டிக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தெரியுமோ? அதனால் வயிற்றுக் கோளாறு என்றால் அதற்கு உயிர்ப் பிரச்னை. பெரியப்பாவுக்கு முட்டி வலி. அவர் பிள்ளை துபாயில். "நீ காலையில ஆத்தங்கரை வரைக்கும் பிடிச்சிட்டுப் போயிட்டு வாம்மா" என்றார். நாலு நாள் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐந்தாம் நாள், நடக்கிறதுதான் நடக்கிறோம், மேலே உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. பெரியம்மாதான் முதலில் எதிர்த்தாள். "பொம்பளப் புள்ள கால விரிச்சு குதிரை மேல போனா ஊர் இன்னா பேசும்?" அம்மா எதுவும் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "இடது பக்கமா ஏறச் சொல்லு" என்றார்.

அவ்வளவுதான் அனுமதி! (அந்தக் காலத்தில் வாளை இடது இடுப்பில் தொங்கவிட்டதால் இடது பக்கம் ஏறும் வழக்கம் வந்தது என்பார்கள். என்னிடம் இருந்தது பூந்தோட்டி மட்டும்தான்.)

பிறகு தினமும் காலை ஐந்தரைக்குக் கொல்லை வேலியிலிருந்து வகுப்பு. அப்பா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொல்வார். "லகானைக் கையால இழுக்காதே, அதுக்கு வாய் வலிக்கும். உன் தொடையால சொல்லு." "கீழ பாக்காதே. எங்க பாக்கிறியோ அங்கதான் அது போகும்." "பயந்தா மூச்சை அடக்காதே, நீ அடக்கினா அதுவும் அடக்கும்." இவ்வளவு வாக்கியங்கள் சேர்ந்தாற்போல அவர் வாயிலிருந்து வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சின்ன வயசில் தாத்தாவின் ஜட்காக் குதிரையை ஆற்றுக்குக் குளிப்பாட்ட ஓட்டிப்போவது அவர் வேலையாம். எனக்குத் தெரியவே தெரியாது. "நைனா சேணம் எல்லாம் குடுக்கமாட்டார், வெறும் முதுகுலதான்" என்றார். அப்பாவை மணலில் வெறும் முதுகில் குதிரை ஓட்டும் பத்து வயசுப் பையனாக நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

ஓட்டம் பழகுவதுதான் கொடுமை. நடக்கும்போது தாலாட்டு மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்தால் எலும்பெல்லாம் இடம் மாறும். அதன் தாளத்துக்கு ஏற்ப எழுந்து எழுந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு ரயிலில் சீட் கிடைத்தாலும் உட்கார முடியாது. (நான் ஒரு வாரம் மீஞ்சூர் ஆன்ட்டிகளுக்கு சீட் கொடுத்த புண்ணியவதி. காரணம் இப்போது தெரிந்திருக்கும்.) தெருவில் பையன்கள் "தேசிங்கு ராஜா பொண்ணு" என்று கத்துவார்கள். செஞ்சியின் தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபுடன் மோதி இருபத்திச் சொச்சம் வயசில் செத்துப்போனவர். அந்த ஒப்பீடு எனக்கு அவ்வளவு நல்லதில்லை என்று அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

அப்போது குதிரைகளைப் பற்றி நிறையப் படித்தேன். தமிழ்நாட்டில் குதிரை எப்போதுமே விருந்தாளிதான். கப்பலில் வந்த குதிரைகளைப் பற்றிப் பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ராஜாக்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் அத்தனையும் சாகடிக்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்களாம்! அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நைனாகிட்ட வந்து கத்துக்கிட்டிருக்கலாம்" என்றார்.

சித்திரை. எங்கள் ஊரில் சித்திரை என்றால் சந்திப்புத் திருவிழா. கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீஸ்வரரும் வீதியில் நேருக்கு நேர் சந்திப்பார்கள். அந்தக் கடைவீதிக்கே ஹரிஹரன் கடைவீதி என்று பெயர். சைவம், வைணவம் சண்டை பற்றியெல்லாம் பாடத்தில் படிக்கும்போது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும், எங்கள் ஊரில் இரண்டு பேரும் வருஷா வருஷம் பார்த்துக்கொள்கிறார்களே என்று. சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் அன்றைக்கு ஊருக்குள்தான். அப்பா அந்த வருஷமும் போகவில்லை. கூட்டத்தில் பழைய கம்பெனி ஆட்கள் வருவார்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாளில் நடந்தது இது. விடியற்காலை, ஆற்று மணலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். திருவிழாக் கடைகளின் குப்பை எங்கும் கிடந்தது. எங்கிருந்தோ ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் ஷீட் காற்றில் எழும்பி நேராக வந்தது. முன்பே சொன்னேன் அல்லவா? பாட்ஷா ஒரே துள்ளு. நான் மணலில். இடது மணிக்கட்டு மடங்கிவிட்டது. பாட்ஷா லகான் தொங்க வீட்டுப் பக்கம் ஓடவில்லை, ரயில்வே லைன் இருக்கும் பக்கம் ஓடினான். அந்த நேரத்தில் கூட்ஸ், எக்ஸ்பிரஸ், லோக்கல் என்று வரிசையாக வரும். நான் கத்திய கத்து எனக்கே புதுசு.

வேலியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பா ஓஸ் பைப்பைப் போட்டுவிட்டு ஓடியதை நான் பார்க்கவில்லை. நான் எழுந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறியபோது தெருவே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர், பேப்பர் போடுகிற பையன், ஷிப்டுக்குக் கிளம்பிய நாலைந்து பேர் டிபன் பையோடு. லைனுக்கு இந்தப் பக்கத்தில் அப்பா பாட்ஷாவின் மேல் உட்கார்ந்திருந்தார். சேணம் சரிந்து வயிற்றுக்கு அடியில் தொங்கியதால் அதை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு வெறும் முதுகில் ஏறியிருக்கிறார். மடித்துக் கட்டிய லுங்கி. இடது கையில் லகான். வலது கையின் மூன்று விரலும் பிடரி மயிருக்குள். பாட்ஷா நுரை தள்ளிக்கொண்டு, ஆனால் ஒழுங்காக, நடந்து வந்தான். பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷிப்டு ஆட்களில் ஒருவர், அப்பாவோடு வேலை பார்த்தவர்தான், "ண்ணே! இன்னாண்ணே, சர்க்கஸ்ல சேர்ந்துட்டியா?" என்றார். அப்பா குதிரையை நிறுத்தினார். வலது கையைத் தூக்கி, "வா, பின்னால ஏறு, கும்மிடிப்பூண்டில எறக்கி வுடறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பார்ப்பதற்கு முன் அப்பாவைத் திட்டினாள். "லுங்கியோட குதிரை மேல! தெரு முழுக்கப் பாத்திருக்கு! மானம் போச்சு!" திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் மணிக்கட்டு நீலமாகியிருந்ததைக் கண்டுபிடித்தது தம்பிதான். சுளுக்குத்தான், மூன்று வாரம் கட்டு.

அப்பா மறுநாளும் ஏறினார். அதற்கு மறுநாளும். எனக்குக் கட்டு பிரியும் வரை பாட்ஷாவை நடத்துவது அவர் வேலை என்றார். கட்டு பிரிந்த பிறகும் முறை வைத்துக்கொண்டோம். பெரியப்பாவின் முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதை இங்கேயே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

வைகாசியில் பெரியப்பா பாட்ஷாவை விற்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு இப்போது மாப்பிள்ளைகள் புல்லட்டில் வருகிறார்கள், மேற்கூரை திறந்த காரில் வருகிறார்கள். அந்த சீசனில் சாரட்டுக்கு வந்த ஆர்டர் பத்துகூடத் தேறாது. வைக்கோல், தவிடு, கொள்ளு, இரண்டு மாசத்துக்கு ஒருதரம் லாடம், எல்லாமே விலை ஏறிப்போச்சு. சாரட்டு வாங்கிய கடனே இன்னும் இருந்தது. மாமல்லபுரம் பக்கம் கடற்கரையில் குதிரை ஓட்டுகிற ஒருவர் வந்து பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், பேரம் முடிந்தது. அப்பா வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு இரவு கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். தம்பியின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, கூட்டி, அடித்து. காலையில் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

மினி லாரி வந்தபோது பெரியப்பா டீ குடிக்கப் போகிறேன் என்று போய்விட்டார். பாட்ஷா பலகையில் ஏற மறுத்தான். வந்தவர்கள் அடிக்கக் குச்சி எடுத்தார்கள். அப்பா அதை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, தானே முன்னால் பலகையில் ஏறி, எதுவும் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து பாட்ஷா ஏறினான். அம்மா ஒரு அச்சு வெல்லம் கொடுத்தாள். தீவன மூட்டைகளையும் சேர்த்து ஏற்றும்போது கொள்ளு மூட்டை ஆணியில் கிழிந்து கொட்டகை முழுக்கச் சிதறியது. யாரும் அள்ளவில்லை.

அன்றிரவு அப்பா மறுபடி பேசுவதை நிறுத்திவிடுவாரோ என்று நானும் அம்மாவும் பயந்தபடி சாப்பாடு போட்டோம். அவர் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். "பாகக்கா நாளைக்குப் பறிச்சிடணும், விட்டா பழுத்துடும்" என்றார். மறுநாள் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு சுற்றி விற்றுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் ஸ்டேஷன் வாசலிலேயே கடை போட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். கீரை வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் வாருங்கள்.

ஆனியில் ஒரு கோடை மழை பெய்தது. கொட்டகையில் மண் தரை முழுக்கப் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. பாட்ஷாவுக்கு வேகவைத்த கொள்ளுதான் போடுவோம், வெந்தது முளைக்காது. இது மூட்டையிலிருந்து கொட்டிய பச்சைக் கொள்ளு. இரண்டு வருஷ லத்தி ஊறிய மண் வேறு, கேட்க வேண்டுமா? கொடி கொடியாகப் படர்ந்தது. பெரியம்மா பிடுங்கிவிட்டு அங்கே ஸ்கூட்டி நிறுத்த இடம் பண்ணலாம் என்றாள். அப்பா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தினமும் ஒரு குடம் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போனது.

புரட்டாசியில் காய் முற்றியதும் பறித்து, காயவைத்து, அடித்து, புடைத்துப் பார்த்தால் ஒரு படிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அம்மா கொள்ளு ரசம் வைத்தாள். அன்றைக்குப் பெரியப்பாவும் சாப்பிட வந்திருந்தார். இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "கொள்ளு நல்லா வாசனையா இருக்கே, எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தம்பிதான், "கடையில இல்ல பெரீப்பா, பாட்ஷாது" என்றான்.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். கொட்டகைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டம்ளரை அம்மாவிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.